பேரேடும் பிஎன்ஆரும்

அன்புள்ள ஐயா,

என் மகள் பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு ‘தகவல் தொழில்நுட்பத்தின் வரலாறும் நன்மைகளும்’ என்ற தலைப்பில் தயார் செய்கிறாள். கிடைக்கிற கட்டுரைகள் எல்லாம் மணிச்சட்டத்தில் ஆரம்பித்து செயற்கை நுண்ணறிவில் முடிகின்றன. நடுவில் ‘உலகம் உள்ளங்கையில்’ என்று ஒரு வரி. உள்ளபடியே நம்மைப் போன்றவர்களுக்கு இதனால் என்ன கிடைத்தது? க்யூவில் நிற்பது குறைந்தது என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கே.எஸ்., விருதுநகர்

அன்புள்ள கே.எஸ்.,

க்யூ என்றீர்களே, அதையே பிடித்துக்கொள்ளலாம். ரயில் முன்பதிவைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.

கணினிக்கு முன்பு ஒவ்வொரு ரயிலுக்கும் தேதிவாரியாகப் பேரேடு இருந்தது. அது எந்த கவுண்டரில் இருக்கிறதோ அங்கே மட்டும்தான் அந்த ரயிலுக்குப் பதிவு. பக்கத்து கவுண்டரில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாலும் பயனில்லை, அங்கே இருப்பது வேறு ரயிலின் பேரேடு. வரிசை மாறி நின்றுவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான். டெல்லிக்குப் போய்த் திரும்ப வேண்டுமா? திரும்பும் ரயிலின் பேரேடு டெல்லியில். இங்கிருந்து தந்தி போகும், பதில் வருமா வராதா என்று காத்திருக்க வேண்டும். வழியில் உள்ள ஸ்டேஷன்களுக்குத் தனித்தனிக் கோட்டா. ஓரிடத்தில் பெர்த் விற்காமல் கிடப்பது இன்னோரிடத்தில் வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவருக்குத் தெரியாது.

எத்தனை இடம் காலி என்பது பேரேட்டை வைத்திருந்தவருக்கு மட்டுமே தெரியும். ‘இல்லை’ என்று அவர் சொன்னால் இல்லைதான். சரிபார்க்க வழி கிடையாது. கணினி நமக்குச் செய்த பெரிய உபகாரம் வேகம் என்று நான் நினைக்கவில்லை. அந்தத் தகவல் ஒருவர் மேஜையை விட்டு வெளியே வந்ததுதான்.

அதுவும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1985-இல் டெல்லியில் கணினி முன்பதிவைச் சோதனையாகத் தொடங்கினார்கள். ரயில்வேயின் மென்பொருள் வேலைகளுக்கென்றே ‘கிரிஸ்’ அமைப்பு 1986-இல் உருவானது. அப்புறம் மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத். எந்த கவுண்டரிலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட் என்ற வசதி வந்தது, ஆனால் அந்தந்த மையத்தின் கணக்கில் இருந்த ரயில்களுக்கு மட்டும். ஐந்தும் தனித்தனித் தீவுகள். 1994-இல் செகந்திராபாத்தில் ‘கான்செர்ட்’ என்ற புதிய மென்பொருளை இறக்கி, 1999-இல்தான் ஐந்து மையங்களையும் ஒன்றோடொன்று இணைத்து முடித்தார்கள்.

அந்த ஐந்து தீவுகளின் தடம் இன்றைக்கும் உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. டிக்கெட்டில் இருக்கும் பத்து இலக்க முன்பதிவு எண்ணின், அதாவது பிஎன்ஆரின், முதல் இலக்கத்தைப் பாருங்கள். 4 என்றால் சென்னை மையத்தின் கணக்கு, 2 என்றால் டெல்லி, 8 என்றால் மும்பை. உங்கள் மகள் மேடையில் ஒரு பழைய டிக்கெட்டைத் தூக்கிக் காட்டி இதைச் சொன்னால் மணிச்சட்டக்காரர்கள் கொஞ்சம் திணறுவார்கள்.

2002 ஆகஸ்டில் இணைய முன்பதிவு தொடங்கியபோது டிக்கெட் கூரியரில் வீட்டுக்கு வந்தது! பதிவு இணையத்தில், ரயில் ஏறக் காகிதம். அச்சடித்து எடுத்துக்கொள்ளும் இ-டிக்கெட் அதற்குச் சில வருடங்கள் கழித்துத்தான்.

சரி, நன்மை மட்டும்தானா? கணினி ஒரு பெர்த்தைக்கூடப் புதிதாக உண்டாக்கவில்லை. பொங்கலுக்கு ஊர் வர வேண்டியவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரும் அதே பெட்டிகளுக்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். க்யூ குறைந்தது என்கிறீர்கள். தத்கல் என்ற கடைசி நேர முன்பதிவு திறக்கும் காலை 10 மணிக்கு, ஏசி டிக்கெட்டுக்காக உட்கார்ந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத க்யூ அது. அதில் தானாகப் படிவம் நிரப்பும் மென்பொருளோடு நிற்கும் ஏஜென்ட் முன்னால், சின்ன போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்கும் கட்டிட வேலைக்காரர் பின்னால். அந்த மென்பொருள்களைத் தடுக்க ரயில்வே ஏதேதோ செய்துகொண்டுதான் இருக்கிறது. 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் தத்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயம்.

இந்தப் பகுதியையும் உங்கள் மகள் விடாமல் பேச வேண்டும். தலைப்பில் ‘நன்மைகள்’ என்றுதானே இருக்கிறது என்று நடுவர் மதிப்பெண்ணைக் குறைத்தால் குறைத்துக்கொள்ளட்டும்.