படித்துக் காட்டுங்கள் தம்பி

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் இரண்டாம் நிலைக் காவலராக இருக்கிறேன். மனித உறவுத் திறன் என்று இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். சிரித்த முகம், இனிய சொல் என்றார்கள். கோடை விழாக் கூட்டத்தில் பன்னிரண்டு மணி நேரம் நின்றவனுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்? மேலே இருப்பவர்கள் எங்களையே ‘வாடா போடா’ என்கிறார்கள். மனு கொடுக்க வரும் மலைச்சனங்களுக்கோ எவ்வளவு சொன்னாலும் புரிவதில்லை. நல்ல புத்தகம் ஏதாவது சொல்லுங்கள். (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள தம்பி,

புத்தகம் இருக்கட்டும். சிரிப்பும்தான்; போலீஸ்காரர் சிரிக்காததால் யாருக்கும் நஷ்டமில்லை. வாடா போடா கேட்டு மனசு என்ன பாடுபடும் என்று தெரியும். அதைக் கொண்டுபோய், காட்டுவழி நடந்து வந்த கிழவர் தலையில் இறக்காதீர்கள். ‘புரிவதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, படித்ததும் கோபம்தான் வந்தது. அவர் சொன்னது உங்களுக்குப் புரிந்ததா? எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினீர்களா?

தயவுக்காகக் கேட்கவில்லை, சட்டமே அதுதான். வாயால் சொல்லும் குற்றத் தகவலை எழுதி, சொன்னவருக்குப் படித்துக் காட்டி, அப்புறம் கையெழுத்து. 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது. 1973 சட்டத்திலும் 154-வது பிரிவு. 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தில் 173. சட்டத்தின் பெயரையே மாற்றியவர்கள்கூட அந்த வரியில் கை வைக்கவில்லை. நடப்பதோ, ‘இங்க ஒரு கையெழுத்துப் போடு, கெளம்பு.’

என் அப்பாவுக்கு சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை. 1987-இல் ஒருநாள் முதலாளியின் வெள்ளி, 620 கிராம், டவுன் பஸ்ஸில் போய்விட்டது. ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன். பாராவில் நின்றவர் ‘என்னய்யா’ என்றதிலேயே அப்பாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பாதி சொன்னார், பாதியை விழுங்கினார். ரைட்டர் ஏட்டு சரியான சிடுமூஞ்சி, உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஆனால் எழுதி முடித்ததும் உரக்கப் படித்தார். ‘கவனக்குறைவாகத் தொலைத்துவிட்டேன்’ என்ற இடம் வந்ததும் அப்பா, “தொலைக்கலீங்க. மடியில கட்டியிருந்தேன், அறுத்துட்டானுங்க” என்று வேட்டியின் கிழிசலைத் தூக்கிக் காட்டினார்.

ஏட்டு முறைத்தார். “மொதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று திட்டிக்கொண்டே அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தார். மறுபடி எழுதினார், மறுபடி படித்தார்.

வெள்ளி கிடைக்கவில்லை. இரண்டு வருடம் கூலியில் கழித்து அடைத்தார். ஆனால் அன்று இரவு முதலாளி முன்னால் போய் நின்றபோது, அப்பா கையில் இருந்த நகலில் ‘திருட்டு’ என்று இருந்தது.