பஃப்ல ஸ்டீராய்டு இருக்காமே, நிறுத்திடலாமா?

கேள்வி: அக்கா, என் பையனுக்கு 7 வயசு, அடிக்கடி வீசிங். டாக்டர் பூடிசோனைட் 100 இன்ஹேலர், காலைல ஒரு பஃப் ராத்திரி ஒரு பஃப், கூடவே ஸ்பேசரும் (பஃப்புக்கும் வாய்க்கும் நடுவுல மாட்டற பிளாஸ்டிக் குழாய்) எழுதி குடுத்தாரு. மெடிக்கல்ல ஸ்பேசர் ஸ்டாக் இல்ல, அது இல்லாமயே அடிக்கலாம்னுட்டாங்க. இப்ப 2 மாசம் ஆகுது, நாக்குல வெள்ளை வெள்ளையா இருக்கு, குரலும் கம்மிப் போச்சு. மாமியார் இது ஸ்டீராய்டு, புள்ள வளராம போயிடுவான், முன்னாடி வாங்குன நீல பஃப்பே போதும்ங்கறாங்க. மாத்திடவா?

பதில்: மாத்தாதீங்கம்மா. நீல பஃப்ல பொதுவா இருக்கறது சால்பியூட்டமால், இழுப்பு வந்தா மூச்சுக்குழாய விரிச்சு விடும், அவ்ளோதான், உள்ள இருக்கற வீக்கம் அப்படியேதான் இருக்கும். வீக்கத்தை குறைக்கறது பூடிசோனைட்தான், அத நிறுத்தினா மொதல் சில நாள் ஒண்ணும் தெரியாது, பையன் நல்லாத்தானே இருக்கான்னு நெனப்பீங்க, அப்புறம் ஒரு சளி புடிக்கும், நடுராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

நாக்குல இருக்கறது பூஞ்சையா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஸ்பேசர் இல்லாம அடிச்சா மருந்துல பெரும்பகுதி தொண்டைலயும் நாக்குலயும் போய் ஒட்டிக்கும், குரல் கம்மறதும் அதனாலதான். டாக்டர்கிட்ட காட்டுனா வாய்ல தடவ மருந்து குடுப்பாரு, சரியாயிடும். என்னை கேட்டா, சில நூறு ரூபாய் பிளாஸ்டிக் குழாய் இல்லாததால வந்த வினை இது. ஒரு கடைல இல்லன்னா அடுத்த கடைல கேட்டு வாங்குங்க. 7 வயசுக்கு மாஸ்க் வேண்டாம், வாய்ல வெச்சு உதட்டை இறுக்கி மூடிக்கிட்டு 5, 6 தடவை நிதானமா மூச்சு இழுத்து விட்டா போதும். சோப்பு தண்ணில கழுவி அப்படியே காய விடுங்க, துணி போட்டு உள்ள தொடைக்காதீங்க, தொடைச்சா உள்ள கரண்ட் மாதிரி ஒண்ணு உண்டாகி மருந்து சுவத்துலயே ஒட்டிக்கும். பஃப் அடிச்சதும் வாய் கொப்பளிச்சு துப்பணும், பல் தேய்க்கறதுக்கு முன்னாடி அடிக்கற மாதிரி வெச்சுக்கிட்டா மறக்காது.

வளர்த்தி விஷயத்துல மாமியார் சொல்றதை முழுசா தள்ளிடவும் முடியாது. அமெரிக்கால 5லருந்து 12 வயசு பசங்களுக்கு தினம் 400 மைக்ரோகிராம், அதாவது உங்க பையன் எடுக்கறதுக்கு ரெண்டு மடங்கு, பூடிசோனைட் 4 வருசத்துக்கு மேல குடுத்து, அவங்க பெரியவங்க ஆனப்புறம் அளந்து பாத்தாங்க, 2012ல முடிவு வந்துச்சு: சராசரியா 1.2 செ.மீ. உயரம் கம்மி. இருக்கு, ஆனா அவ்ளோதான். கண்ணுல புரை, எலும்பு தேய்றது இதெல்லாம் ரொம்ப அதிக டோஸ் வருசக்கணக்கா எடுக்கறவங்களுக்கு வர்ற கவலை. இன்னொண்ணு, வீசிங் முத்திப் போய் பிரெட்னிசோலோன் மாத்திரை குடுக்க வேண்டி வந்தா அதுல ஒரு 5 மி.கி. மாத்திரைனா 5000 மைக்ரோகிராம். ரெண்டும் வேற வேற மருந்து, நேரா கணக்கு போட முடியாதுதான், ஆனா மாத்திரை ரத்தத்துல கலந்து உடம்பு முழுக்க போகும், பஃப்னா முக்கியமா நுரையீரலுக்கு. 6 மாசத்துக்கு ஒரு தடவை உயரம் அளந்து எழுதி வைங்க, டோஸ் குறைக்கலாமான்னு டாக்டரே பாத்து சொல்லுவாரு.

வாங்கும்போது பெட்டில 100ஆ 200ஆன்னு பாருங்க, ஒரே பேர்ல ரெண்டும் வரும். பூடிசோனைட் இன்ஹேலர் அத்தியாவசிய மருந்து பட்டியல்ல இருக்கு, விலைக்கு உச்சவரம்பு உண்டு, அச்சடிச்ச எம்ஆர்பிக்கு மேல ஒரு ரூபா குடுக்காதீங்க, பில் கேளுங்க.

அப்புறம் ஒண்ணு, 2 மாசம்னு சொன்னீங்கல்ல. உங்க பஃப் 120 டோஸ்னா தினம் 2 வீதம் 60 நாள்ல முடிஞ்சிருக்கும். மருந்து தீர்ந்தாலும் உள்ள கேஸ் இருக்கற வரைக்கும் புஸ்ஸுனு சத்தம் வரும், தண்ணில மிதக்க விட்டு பாக்கறதெல்லாம் நம்பாதீங்க. கவுன்டர் இருந்தா நம்பரைப் பாருங்க, இல்லன்னா வாங்குன தேதிய பில்லுல பாத்து எண்ணுங்க. தீர்ந்திருந்தா புது பஃப்பையும் ஸ்பேசரையும் இன்னைக்கே சேர்த்து வாங்கிடுங்க.