கோல்டு என்று சொல்லி விற்ற எஸ்.எம்.பி.எஸ். இரைகிறது: கடைக்காரரிடம் பணம் திரும்பக் கேட்க முடியுமா?

கேள்வி: தக்கலையில் வீட்டில் இருந்தே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஐந்து மாதத்துக்கு முன் மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் 62,000 ரூபாய் கொடுத்து கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கினேன். வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷனில் '650 வாட், 80 பிளஸ் கோல்டு எஸ்.எம்.பி.எஸ்., 6,800 ரூபாய்' என்று இருந்தது. (எஸ்.எம்.பி.எஸ். என்பது சுவர் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி.) பில்லில் 'எஸ்.எம்.பி.எஸ். 650 வாட்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். ரெண்டர் (எடிட் செய்த வீடியோவை முழுக் கோப்பாக மாற்றும் வேலை) போட்டுப் பத்து நிமிடம் ஆனதும் மிக்ஸி ஓடுவதுபோல் சத்தம். பக்கத்தில் உட்கார்ந்து குரல் பதிவு செய்ய வழியில்லை. கடையில் கேட்டால், 'ஃபேன் சத்தத்துக்கு வாரண்டி கிடையாது, விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார்கள். லேபிளின் போட்டோவை அனுப்பியிருக்கிறேன். வக்கீல் சார், நான் என்ன செய்யலாம்?
வாசகி, தக்கலை

பதில்: பணத்தைத் திரும்பக் கேட்கலாம் சகோதரி. ஆனால் புகாரைச் சத்தத்தில் தொடங்காதீர்கள். 'ஃபேன் இரைகிறது' என்று மட்டும் எழுதினால், 'எந்த ஃபேன்தான் இரையாது, 80 பிளஸ் முத்திரை அமைதிக்கு உத்தரவாதம் தரவில்லையே' என்று எதிர்தரப்பு கேட்கும். அந்தக் கேள்வி நியாயமானதுதான். சுவரில் இருந்து இழுக்கும் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேருகிறது என்பதை மட்டுமே அந்த முத்திரை சொல்கிறது. 115 வோல்ட் சோதனையில் கோல்டு என்றால் 20 சதவீத லோடில் 87, பாதி லோடில் 90, முழு லோடில் 87 சதவீதம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள பிரான்ஸ் (வெண்கலம்) தரத்துக்கு அதே வரிசையில் 82, 85, 82. அதுவும் 23 டிகிரி அளவில் வைத்துச் செய்யும் சோதனை. நம்மூர் சித்திரை மாதத்து அறையில் அல்ல. சத்தத்துக்குத் தனி முத்திரை உண்டு. சைபெனெடிக்ஸ் நிறுவனம் டெசிபலில் அளந்து தரம் பிரிக்கிறது. உங்கள் கொட்டேஷனில் அப்படி எதுவும் சொல்லப்படவில்லை.

ஆனாலும் சத்தத்துக்கும் திறனுக்கும் நேரடித் தொடர்பு உண்டு, அதைப் புகாரில் இரண்டு வரியில் எழுதுங்கள். ரெண்டர் ஓடும்போது கம்ப்யூட்டர் 300 வாட் கேட்கிறது என்று வைப்போம். 90 சதவீதத் திறன் இருந்தால் சுவரில் இருந்து 333 வாட் இழுக்கும், 33 வாட் வெப்பமாகப் போகும். 80 சதவீதம்தான் என்றால் 375 வாட் இழுத்து 75 வாட் வெப்பத்தை அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயே கொட்டும். இரண்டு மடங்குக்கும் மேலான சூட்டை வெளியே தள்ள ஃபேன் வேகமாகச் சுற்றித்தான் ஆக வேண்டும். ஆக, கோல்டு என்று நம்பி வாங்கிய பொருள் கோல்டு இல்லை என்பதன் அடையாளமாகச் சத்தத்தைக் காட்டலாம். வழக்கின் அடிப்படை லேபிளாக இருக்கட்டும்.

நீங்கள் அனுப்பிய போட்டோவில் உங்களுக்குச் சாதகமான விஷயம் பளிச்சென்று இருக்கிறது. மேலே பெரிய எழுத்தில் 650 வாட். கீழே கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு 28 ஆம்பியர், 5 வோல்ட்டுக்கு 22, 3.3 வோல்ட்டுக்கு 20, ஸ்டாண்ட்பை 5 வோல்ட்டுக்கு 2.5, மைனஸ் 12 வோல்ட்டுக்கு 0.3. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் முறையே 336, 110, 66, 12.5, 3.6 வாட். எல்லாம் ஒரே நேரத்தில் முழுதாகக் கிடைக்கும் என்றே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 528 வாட்தான். 650 எங்கே? பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் உண்பது பெரும்பாலும் 12 வோல்ட் தடத்தில் இருந்துதான். அதில் உங்களுக்குக் கிடைப்பது 336. ஒழுங்கான 650 வாட் கோல்டு எஸ்.எம்.பி.எஸ்.களில் பெரும்பாலும் அந்தத் தடத்துக்கு மட்டுமே 54 ஆம்பியர், அதாவது 648 வாட் அச்சிட்டிருப்பார்கள். இந்தக் கணக்குக்கு ஆய்வகமும் வேண்டாம், நிபுணரும் வேண்டாம். நுகர்வோர் ஆணையத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் காகிதத்தில் போட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

கோல்டு என்ற பேச்சுக்கு வருவோம். சான்று பெற்ற மாடல்களின் பட்டியல் 80 பிளஸ் இணையதளத்தில் இருக்கிறது. லேபிளில் உள்ள பிராண்டையும் மாடல் எண்ணையும் எழுத்துப் பிசகாமல் தேடிப் பாருங்கள். இல்லையென்றால், தேதி தெரியும்படி அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள்.

சட்டத்தில் இதற்கு இடம் தெளிவாக இருக்கிறது. இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(47)-இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. சொன்ன தரத்துக்குக் குறைவாக இருப்பது பிரிவு 2(10)-இன்படி பொருளின் குறைபாடு. விவரம் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரத்தோடு பொருந்தியாக வேண்டும் என்று 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 15-உம் சொல்கிறது. பில்லில் கோல்டு என்று இல்லையே என்று கலங்க வேண்டாம், வாட்ஸ்அப் கொட்டேஷன்தான் அந்த விவரம். அந்த உரையாடலை அழிக்காதீர்கள், ஃபோனையும் மாற்றாதீர்கள். 2023 பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-இன்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்யலாம். 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது' என்ற ரப்பர் ஸ்டாம்ப், குறையுள்ள பொருளைப் பற்றிய உங்கள் உரிமையைத் தொடாது.

எடிட்டிங் தொழில் செய்கிறீர்கள் என்பதை வைத்து, 'இவர் நுகர்வோரே அல்ல, வணிகத்துக்கு வாங்கியவர்' என்று வாதிடுவார்கள். சுயதொழிலால் பிழைப்பு நடத்தவே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(7)-இன் விளக்கமே சொல்கிறது. நானே தனியாக எடிட்டிங் செய்கிறேன், குடும்ப வருமானம் இதில்தான் என்பதைப் புகாரின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். இதை எழுதாமல் விட்டு, முதல் கட்டத்திலேயே தடுமாறும் புகார்கள் உண்டு.

இப்போது செய்யக்கூடாதவை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். அதோடு வாரண்டி ஸ்டிக்கர் கிழிந்தால் 'நீங்களே கெடுத்தீர்கள்' என்பார்கள். 'நல்ல ஃபேன் மாற்றித் தருகிறேன்' என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். ஃபேனை மாற்றினால் சத்தம் குறையலாம், சாட்சியும் சேர்ந்து போய்விடும். பிளக்கில் மாட்டும் வாட்மீட்டர் சுவரில் இருந்து எவ்வளவு போகிறது என்று மட்டுமே காட்டும். வெளியே வருவது தெரியாமல் திறனைக் கணக்கிட முடியாது என்பதால், வாட்மீட்டரின் போட்டோவை மையச் சான்றாக வைக்காதீர்கள். செல்ஃபோன் டெசிபல் செயலியும் அப்படித்தான்.

புகார் எழுதும் முன் சத்தம் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருந்துதான் வருகிறது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். காலண்டர் தாளைக் குழாயாகச் சுருட்டிக் காதில் வைத்து, கேபினெட்டின் பின்புறம் எஸ்.எம்.பி.எஸ்., கிராஃபிக்ஸ் கார்டு, கேபினெட் ஃபேன் என ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு என்றால் வழக்கே வேறு. எஸ்.எம்.பி.எஸ். ஃபேன் எந்தப் பக்கம் பார்க்கிறது என்றும் பாருங்கள். காற்று எடுக்கும் பக்கம் கேபினெட்டின் மூடிய தகட்டைப் பார்த்திருந்தால், அது அசெம்பிள் செய்தவரின் சேவைக் குறைபாடு. அதையும் புகாரில் சேர்க்கலாம். பிறகு அறை மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரே தூரத்தில் இருந்து சும்மா இருக்கும்போதும் ரெண்டரின்போதும் வீடியோ எடுங்கள். அசல் கோப்பு ஃபோனிலேயே இருக்கட்டும்.

முதலில் கடைக்கும், அட்டைப்பெட்டியில் அச்சிட்ட இறக்குமதியாளர் முகவரிக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை, ஆனால் பதில் வராவிட்டால் அதுவே உங்களுக்குப் பலம். இடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்து வையுங்கள். சில கடைகள் அந்த அழைப்பிலேயே இறங்கிவந்துவிடும். இறங்காவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் பிரிவு 35-இன்படி புகார் கொடுங்கள். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இ-ஜாக்ருதி தளத்தில் இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். கடையை முதல் எதிர்தரப்பாகவும் இறக்குமதியாளரை இரண்டாவதாகவும் சேருங்கள். இரண்டாமவரை விட்டுவிட்டால், 'சீலோடு வந்த பெட்டியைத்தானே மாட்டிக் கொடுத்தேன்' என்று கடைக்காரர் கைகழுவப் பார்ப்பார்.

கோல்டு பற்றிய தகராறு லேபிள் கணக்கோடு தீரவில்லை என்றால், பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும்படி பிரிவு 38-இன்கீழ் மனு போடலாம். ஆய்வுக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்டச் சொல்வார்கள். எந்த ஆய்வகம் என்பது ஆணையத்தின் முடிவு. திருவனந்தபுரத்தில் மத்திய அரசின் மின்னணுச் சோதனைக் கூடம் இருப்பதை மனுவில் குறிப்பிடலாம். ஆய்வு தேவைப்பட்டால் 5 மாதம், இல்லாவிட்டால் 3 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். வாய்தா விழுந்தால் நீளும். அதனால்தான் லேபிள் கணக்கை முன்னால் வைக்கச் சொல்கிறேன்.

என்ன கேட்பது? 6,800 ரூபாயும் வட்டியும், அல்லது சொன்ன தரத்தில் வேறு எஸ்.எம்.பி.எஸ்.; மன உளைச்சலுக்கும் செலவுக்கும் அளவான தொகை. கூடுதல் மின்சாரத்தைக் கேட்பதானால், மேலே சொன்ன 375-க்கும் 333-க்கும் 42 வாட் வித்தியாசம், நாளுக்கு 10 மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் சுமார் 25 யூனிட். அதற்கு மேல் ஊதிப் பெருக்க வேண்டாம். குரல் பதிவு கெட்டு ஆர்டர் போனது என்றால், வாடிக்கையாளரின் செய்தி இருந்தால் மட்டும் சேருங்கள்.

வழக்குத் தொடுக்க இரண்டு வருடக் காலம் இருக்கிறது. நோட்டீஸ் போனதும் கடையில் இருந்து 'கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம்' என்று அழைப்பு வரலாம். போங்கள். ஆனால் பழையதை மேஜையில் வைக்கும் முன் லேபிளையும் சீரியல் எண்ணையும் போட்டோ எடுத்து, 'பெற்றுக்கொண்டோம்' என்று சீரியல் எண்ணோடு கையெழுத்து வாங்குங்கள். புதியதன் 12 வோல்ட் கட்டத்தை அங்கேயே பெருக்கிப் பாருங்கள். மாடல் எண்ணும் '80 பிளஸ் கோல்டு' என்ற வார்த்தையும் புது பில்லில் ஏறிய பிறகே பழையதைக் கொடுங்கள்.