சுழல் உலை நின்றுவிட்டால்?

கேள்வி: சிமென்ட் ஆலையில் படுத்துக்கிடக்கும் அந்த ராட்சத இரும்புக் குழாய் ஏன் ஓயாமல் சுற்றுகிறது? உள்ளே நெருப்பு எரிந்தால் போதாதா? கரண்ட் போனால் என்ன செய்வார்கள்?

பதில்: போதாது. அந்தக் காலத்தில் செங்குத்தாக நிற்கும் சூளையில் கல்லை அடுக்கி, எரித்து, ஆறவிட்டு, அள்ளி எடுத்தார்கள். 1885-இல் இங்கிலாந்தில் ஃப்ரெடரிக் ரான்சம், நீங்கள் கேட்கும் இந்தக் குழாய்க்கு, அதாவது சுழல் உலைக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் அந்த வேலை மாற வழி பிறந்தது. உலையை லேசாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். மேல் முனையில் போடும் பொருள், சுற்றச் சுற்றப் புரண்டு புரண்டு கீழே இறங்கும். பர்னர் கீழ் முனையில். அங்கே சுடர் கிட்டத்தட்ட 2000 டிகிரி, பொருள் சுமார் 1450 டிகிரி. அந்தச் சூட்டில் ஒரு பங்கு உருகி, மீதியை உருண்டைகளாகப் பிடித்துக்கொள்ளும். அதுதான் கிளிங்கர்; அதை அரைத்தால்தான் சிமென்ட். புரளாமல் கிடந்தால் மேலே கருகும், அடியில் பச்சையாகவே இருக்கும்.

ஆனால் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சரக்கு கெட்டால் திரும்ப அரைத்துக்கொள்ளலாம், எங்கள் பயமெல்லாம் குழாயைப் பற்றியது. ஷெல், அதாவது குழாயின் வெளிக்கூடு, வெறும் எஃகுதான். அதற்கும் நெருப்புக்கும் நடுவே இருப்பது ஏறக்குறைய ஒரு சாண் செங்கல், அதன்மேல் கிளிங்கரே ஒட்டிப் படியும் பூச்சு. வெளியே ஷெல் 300 டிகிரி காட்டினால் நிம்மதி. 400-ஐத் தாண்டி ஏறினால் ஷெல்லின் சூட்டை அளக்கும் ஸ்கேனர் திரையை விட்டுக் கண் நகராது, அந்த இடத்தில் ஃபேன் வைத்துக் காற்றடிப்போம். செங்கல் விழுந்துவிட்டதென்றால் இரவில் சிவப்புத் திட்டாகவே தெரியும்.

இனி கரண்ட் விஷயம். சூடான உலை அசையாமல் நின்றால் சரக்கு கிடக்கும் அடிப்பக்கம் சூடாகவே இருக்கும், மேல்பக்கம் ஆறிச் சுருங்கும். குழாய் வளையும். அந்த நேரம் பார்த்து மழை கொட்டினால் சொல்லவே வேண்டாம். வளைந்த ஷெல், அதைத் தாங்கும் ரோலர்மேல் சரியாக உட்காராது, உள்ளே செங்கலும் தளர்ந்து உதிரும். அதனால்தான் பெரிய மோட்டாருக்குப் பக்கத்திலேயே தனியாக ஒரு டீசல் எஞ்சின் இருக்கும். கரண்ட் போனதும் எரிபொருளை நிறுத்திவிட்டு, அதைக் கிளப்பி உலையை மெதுவாகத் திருப்புவோம். ஆறிய பிறகு விட்டுவிட்டுக் கால் சுற்று போதும். அந்த எஞ்சினை வாராவாரம் ஓட்டிப் பார்க்காத ஆலையை நான் நம்ப மாட்டேன்.

கேள்வி: இது சிமென்டுக்கு மட்டும்தானா?

பதில்: இல்லை. இரும்புத் தாதுவையும் நிலக்கரியையும் சேர்த்துப் போட்டு, உருகவிடாமல் ஆயிரத்துச் சொச்சம் டிகிரியில் ஸ்பாஞ்ச் அயர்ன் (பஞ்சு போலத் துளை விழுந்த இரும்பு) எடுக்கிறார்கள். காகித ஆலைகள் சுண்ணாம்புச் சேற்றைச் சுட்டு மறுபடியும் சுண்ணாம்பாக்கிக்கொள்கின்றன. அலுமினா, பெட்ரோலியம் கோக், லித்தியம் எடுக்கும் ஸ்போடுமீன் தாது, அபாயக் கழிவு எரிப்பு என்று பட்டியல் நீளும்.

கல்லைச் சுட்டு எடுக்கும் சுண்ணாம்புக்கு மட்டும் என் ஓட்டு செங்குத்தாக நிற்கும் உலைக்குத்தான். எரிபொருள் நன்றாகவே மிச்சமாகும். ஆனால் கல் ஓரளவு ஒரே அளவில் இருக்க வேண்டும். பொடிக்கல்லைக் கொட்டினால் இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டு காற்று மேலே ஏறாது. அப்புறம் சுழல் உலைக்கே வர வேண்டியதுதான்.