வயிற்றைக் காட்டிய பூனை ஏன் கடிக்கிறது?

கேள்வி: எங்கள் வீட்டுப் பெண் பூனைக்கு இரண்டு வயது. சாயங்காலம் நான் கதவைத் திறந்ததும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறது. காலைச் சுற்றிச் சுற்றி உரசுகிறது. அப்புறம் தரையில் விழுந்து வயிற்றைக் காட்டிப் புரள்கிறது. சரி, கொஞ்சலாம் என்று வயிற்றில் கை வைத்தால் நான்கு காலாலும் கையைப் பிடித்துக் கடிக்கிறது. தூக்கினாலோ திமிறிக்கொண்டு ஓடுகிறது. இதற்கு என்னைப் பிடிக்கிறதா, இல்லையா?

பதில்: பிடிக்கிறது. ஓடி வந்தது, உரசியது, புரண்டது மூன்றுமே வரவேற்புதான். அதற்கு நீங்கள் கொடுத்த பதில்தான் அதற்குப் பிடிக்கவில்லை. நாம் கட்டிப்பிடித்து அன்பு காட்டுகிறவர்கள். பூனைகள் ஒன்றையொன்று மோந்து பார்க்கும், பக்கவாட்டில் உரசும், நடந்து போய்விடும். அவ்வளவு சுருக்கமான விஷயம் அது.

வாலில் இருந்து தொடங்கலாம். நட்டுவைத்த குச்சி போல நேராக நின்று, நுனி மட்டும் லேசாக வளைந்த வால் நட்பின் அடையாளம். குட்டிகள் தாயிடம் ஓடும்போது இப்படித்தான் தூக்கும். வீட்டுப் பூனைகள் வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடுவதில்லை. 1990களில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் பூனையின் நிழலுருவத்தை வெட்டி வைத்துச் சோதித்தார்கள். வால் தூக்கிய உருவத்தைக் கண்டதும் பூனைகள் தங்கள் வாலையும் தூக்கிக்கொண்டு நெருங்கின. வால் தாழ்ந்த உருவத்திடம் அப்படிப் போகவில்லை.

அடுத்தது உரசல். கன்னம், உதட்டோரம், மோவாய், நெற்றி, வாலின் அடி ஆகிய இடங்களில் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. நீங்கள் நாள் முழுக்க வெளியே இருந்து ஏதேதோ வாசனையோடு வருகிறீர்கள். பூனை தன் வாசனையை உங்கள் மேல் மறுபடி பூசி, உங்களை வீட்டு ஆளாக்கிக்கொள்கிறது. ‘எல்லாம் சாப்பாட்டுக்காகத்தான்’ என்று யாராவது சொன்னால், கிண்ணம் நிறைந்திருக்கும் நாளில் கவனித்துப் பாருங்கள். அப்போதும் வந்து உரசிவிட்டுத்தான் போகும். மியாவ் என்ற குரலும் நமக்காகவே. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் அப்படிக் கூப்பிட்டுக்கொள்வது அபூர்வம்.

இப்போது வயிறு. உடம்பிலேயே பாதுகாப்பில்லாத இடம் அது. அதைக் காட்டுவதன் பொருள் ‘உன் முன்னால் எனக்குப் பயமில்லை’ என்பது மட்டும்தான். ‘தடவு’ என்று நாம்தான் சேர்த்துப் படித்துக்கொள்கிறோம். நாய் வளர்த்துப் பழகியவர்கள் இதில் கட்டாயம் ஏமாறுவார்கள். மல்லாந்து கிடக்கும் பூனையின் வயிற்றில் ஒரு கை இறங்கினால், முன்னங்காலால் கட்டிப் பின்னங்காலால் உதைத்துப் பல் பதிப்பது யோசிக்காமலே நடந்துவிடும். தற்காப்புக்கும் இரை பிடிப்பதற்கும் அது வைத்திருக்கும் பிடி அதுதான். வயிற்றைத் தடவக் கொடுக்கும் பூனைகளும் உண்டு. உங்களுடையது அந்த ரகம் இல்லை, விடுங்கள்.

நாளைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் குனிந்து தூக்காமல் கீழே உட்காருங்கள். ஒரு விரலை அதன் மூக்கு உயரத்தில், சற்றுத் தள்ளி நீட்டிவிட்டுக் காத்திருங்கள். இரண்டு பூனைகள் மூக்கோடு மூக்கு வைத்துப் பார்க்குமே, அதற்கு ஈடு இது. மோந்துவிட்டுக் கன்னத்தை விரலில் தேய்த்தால் அனுமதி கிடைத்துவிட்டது. கன்னம், காதின் அடி, தாடைக்குக் கீழே மூன்று நான்கு முறை வருடிவிட்டுக் கையை நிறுத்துங்கள். இன்னும் வேண்டுமென்றால் அதுவே தலையால் முட்டிக் கேட்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் இன்றைக்கு இவ்வளவு போதும் என்று அர்த்தம்.

கடிப்பதற்கு முன் பூனை சொல்லிவிட்டுத்தான் கடிக்கிறது. மெதுவாகச் சொல்வதால் நாம் தவறவிடுகிறோம். என் பூனை மடியில் படுத்திருக்கும்போது முதலில் வாலின் நுனி மட்டும் ஒரு தரம் சுண்டும். அப்புறம் முதுகுத் தோல், ஈ உட்கார்ந்தது போல, சிலிர்த்து ஓடும். காதுகள் பக்கவாட்டில் திரும்பும், கண்மணி விரியும், தலை என் கை பக்கம் வரும். வால் சுண்டிய கணமே கையை எடுத்துவிடுவேன். எடுக்காமல் விட்ட ஒரு நாளின் தழும்பு இடது மணிக்கட்டில் இருக்கிறது.

ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். தூக்கிய வாலே புசுபுசுவென்று புடைத்திருந்தால் பயம். குர்ர்ர் சத்தமும் அப்படித்தான்: எலும்பு முறிந்து வந்த பூனைகள் என் சிகிச்சை மேசையில் வலியோடு குர்ர்ரிட்டிருக்கின்றன. வால், காது, கண், உடம்பின் இறுக்கம் நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தொடாமலே வணக்கம் சொல்லவும் வழி உண்டு. உற்றுப் பார்ப்பது பூனைக்கு மிரட்டல். அதற்குப் பதிலாகக் கண்ணைப் பாதி தாழ்த்தி, மெல்ல மூடித் திறங்கள். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிச் செய்த உரிமையாளர்களைப் பார்த்துப் பூனைகளும் கண்ணைச் சுருக்கின. முன்பின் தெரியாத ஆள் செய்தபோதும் அவர் நீட்டிய கையை நோக்கி அதிகம் வந்தன. இன்னொன்று: உங்கள் பூனை ஓடியாவது வருகிறது. ஜப்பானில் 2013இல் வெளியான ஆய்வில், பூனைகள் உரிமையாளரின் குரலை அடையாளம் கண்டும் பெரும்பாலும் காதையும் தலையையும் அசைத்ததோடு சரி, எழுந்துகூட வரவில்லை.

எப்போதும் தடவக் கொடுத்த பூனை திடீரென்று கடிக்கவோ ஒளியவோ ஆரம்பித்தால் கதை வேறு. பல், மூட்டு, சிறுநீர்ப்பை என எங்காவது வலி இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களுக்கும் ஒரு வார்த்தை: கையைக் கவ்விவிட்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், இழுத்தால் பிடி இறுகும். அசையாமல் இருந்தால் விட்டுவிடும். பல் தோலைத் துளைத்திருந்தால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். பூனைப் பல் ஊசி மாதிரி. காயம் சின்னதாகத் தெரியும், கிருமி ஆழத்தில் போய் உட்காரும்.