சீரியல் வாய்ப்புக்காகக் கல்லூரியை விடலாமா?

கேள்வி: என் மகள் திருச்சியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுடைய ரீல்ஸைப் பார்த்த ஒரு கோ-ஆர்டினேட்டர், சீரியலில் கதாநாயகியின் தங்கை வேடம் இருப்பதாகச் சொல்கிறார். போர்ட்ஃபோலியோ என்கிற புகைப்படத் தொகுப்புக்கும் ஆர்ட்டிஸ்ட் கார்டுக்கும் சேர்த்து ரூ.70,000 கட்டச் சொல்கிறார். படிப்பை நிறுத்திவிட்டுச் சென்னைக்குப் போவேன் என்று மகள் பிடிவாதம் பிடிக்கிறாள். அவள் அப்பா பேசுவதையே நிறுத்திவிட்டார். நான் என்ன செய்வது?

பதில்: அம்மா, முதலில் பண விஷயம். எழுபதாயிரம் என்ன, எழுநூறுகூடக் கட்டாதீர்கள். சீரியலோ சினிமாவோ, தயாரிப்பாளர்தான் நடிப்பவருக்குப் பணம் தருவார். நடிப்பவர்களைத் தயாரிப்பாளர்களிடம் சேர்த்துவைக்கும் கோ-ஆர்டினேட்டர் என்றொரு வேலை உண்மையிலேயே உண்டு, அவருக்குக் கமிஷனும் உண்டு. ஆனால் அது சம்பளம் கைக்கு வந்த பிறகு அதிலிருந்து கொடுப்பது. ஆர்ட்டிஸ்ட் கார்டு என்று அவர் சொல்வது சங்க உறுப்பினர் அட்டையாக இருந்தால், அதற்குச் சின்னத்திரை நடிகர் சங்க அலுவலகத்துக்கே நேரில் போய் விசாரித்து, ரசீது வாங்கிக்கொண்டு கட்டுவதுதான் முறை. இடையில் இன்னொருவர் அதை விற்க முடியாது.

அவருக்கு ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள்: “தயாரிப்பு நிறுவனத்தின் பெயர், சேனல், ஆடிஷன் நடக்கும் அலுவலக முகவரி, அங்கே பேசவேண்டிய மேனேஜர் பெயர் ஆகியவற்றைத் தெரிவியுங்கள். பகலில் மகளுடன் நானும் வருகிறேன்.” உண்மையான ஆள் பத்து நிமிடத்தில் பதில் அனுப்பிவிடுவார். பிறகு நீங்களே அந்தத் தயாரிப்பு அலுவலகத்தைக் கூப்பிட்டு, அப்படியொரு ஆடிஷன் நடக்கிறதா என்று கேளுங்கள். “முதலில் கட்டுங்கள், பிறகு சொல்கிறேன்” என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.

வாய்ப்பு உண்மையாகவே இருந்தால் என்ன செய்வது? அதற்கு இந்த வேலை நடக்கும் விதம் உங்கள் இருவருக்கும் தெரிய வேண்டும். அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போக 20, 22 நிமிடம்தான் கதை. வாரத்தில் ஐந்தாறு நாள் ஒளிபரப்பாகும் தொடருக்கு ஏறக்குறைய தினமும் ஒரு எபிசோடு அளவுக்கு எடுத்துத் தள்ள வேண்டும். அதனால் ஒத்திகைக்கு நேரம் இருக்காது. காட்சித் தாள் அன்று காலையில்தான் கைக்கு வரும். பல செட்களில் உதவி இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் நின்று வசனத்தை எடுத்துக் கொடுக்க, நடிகர் அதைக் கேட்டுப் பேசுவார். இதைத்தான் பிராம்ப்டிங் என்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். காது வசனத்தைப் பிடிக்கும்போது, எதிரே நிற்பவரைப் பார்க்கவேண்டிய கண் பிராம்ப்டர் பக்கம் ஓடிவிடும். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தால் பேக்-அப், அதாவது அன்றைய படப்பிடிப்பு முடிய, இரவு ஒன்பது ஆகலாம். அதில் பாதி நேரம் மேக்கப்புடன் காத்திருப்பதுதான்.

சம்பளம் மாதக் கணக்கில் வராது, நாள் கணக்கு. தங்கை வேடத்துக்கு மாதம் எத்தனை நாள் கால்ஷீட் என்பதுதான் கேட்கவேண்டிய முதல் கேள்வி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளுக்கு ரூ.3,000, மாதம் 8 நாள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ரூ.24,000. அதில் டி.டி.எஸ். என்கிற வருமான வரிப் பிடித்தம் 10 சதவீதம் ரூ.2,400, கமிஷனும் 10 சதவீதம் என்றால் இன்னொரு ரூ.2,400 போகும். மிச்சம் ரூ.19,200. சாப்பாட்டுடன் ஹாஸ்டல் ரூ.9,000 என்றால், கையில் நிற்பது ரூ.10,200. இதற்குள்தான் ஆட்டோ, போன், உடை எல்லாம். நம் சீரியல்களில் துணைப் பாத்திரங்கள் பெரும்பாலும் தங்கள் புடவை, நகை, பிளவுஸைத் தாங்களே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. ஒரே காட்சியை இரண்டு வாரம் தள்ளித் தொடர்ந்து எடுத்தால் அதே புடவை, அதே பொட்டு, அதே வளையல் வேண்டும். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் தலை முதல் கால் வரை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

அடுத்த மாதம் எட்டு நாள் மூன்று நாளாகக் குறைந்தால்? பிடித்தம் போக ரூ.7,200 வரும். ஹாஸ்டலுக்கே பற்றாது. அந்த ரூ.7,200-ம் உடனே வரும் என்று எண்ணாதீர்கள். இரண்டு, மூன்று மாதம் கழித்து வரும் என்று வைத்தே திட்டமிடுங்கள். டி.டி.எஸ். மட்டும் போன பணமில்லை. ஆண்டு வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். பி.காம். படிக்கும் பெண்ணுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாட்கள் குறைவதற்கு உங்கள் மகளின் நடிப்பு காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ரேட்டிங் வாரந்தோறும் வருகிறது. அதைப் பார்த்துக் கதையின் டிராக்கைத் திருப்புகிறார்கள். தங்கையை வெளியூருக்கு வேலைக்கு அனுப்பிவிட்டால் அந்த வேடம் முடிந்தது. தேதி ஒத்துவராவிட்டால் திரையில் “இவருக்குப் பதில் இவர்” என்று ஒரு வரி போட்டுக் கதையை நகர்த்திவிடுவார்கள். திறமை கதவைத் திறக்கும்தான். ஆனால் இந்தத் தொழிலில் நிலைத்தவர்களைப் பார்த்தால், வேலை இல்லாத மாதங்களைத் தாண்ட வேறு வழி வைத்திருந்தவர்களே அதிகம்.

அதனால்தான் என் கருத்து: பட்டத்தை முடிக்கட்டும். அப்பா சொல்கிறார் என்பதற்காக அல்ல, நடிப்புக்காகவே. டெல்லியில் 1959-இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டு படிப்புக்குப் பட்டம் வேண்டும். கூடவே ஆறு நாடகங்களிலாவது பங்கேற்ற அனுபவமும் கேட்பார்கள். தேர்வானால் உதவித்தொகை உண்டு. புனே திரைப்படக் கல்லூரியின் இரண்டாண்டு நடிப்புப் படிப்புக்கும் பட்டம் வேண்டும். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நாடக முதுகலைக்கும் அப்படியே. தரமணி அரசுத் திரைப்படக் கல்லூரியை நம்பிப் பலர் விசாரிக்கிறார்கள். அங்கே ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, இயக்கம் போன்றவற்றுக்குத்தான் பட்டப்படிப்பு. இவற்றைத் தவிர, ந.முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை போன்ற நாடகக் குழுக்களின் பயிற்சியும் திரையில் மதிக்கப்படுகிறது. நடிகர்கள் பசுபதி, குரு சோமசுந்தரம் அங்கிருந்து வந்தவர்கள். விஜய் சேதுபதியும் பி.காம்.தான். துபாயில் கணக்காளர் வேலை, திரும்பி வந்து கூத்துப்பட்டறையில் கணக்கு வேலை, சின்னச் சின்ன வேடங்கள் என்று போய், 2010-இல் கதாநாயகன் ஆனபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. பிரியா பவானி சங்கர் பொறியியல் படித்து, செய்தி வாசித்து, சீரியலுக்கு வந்து, 2017-இல்தான் சினிமாவுக்குப் போனார். ஜெயித்தவர்களை வைத்து நிகழ்தகவைக் கணக்கிடக் கூடாது. ஆனால் இவர்கள் இருவருக்கும் நடிப்புக்கு வெளியே சோறு போட ஒரு வேலை தெரிந்திருந்ததைக் கவனியுங்கள்.

அஞ்சல்வழிக்கு மாறலாமே என்று மகள் கேட்பாள். மாறலாம். ஆனால் படித்த இரண்டு ஆண்டும் கணக்கில் வருமா, அந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்கும் வரை டி.சி. வாங்க வேண்டாம். இங்கேயே படித்தபடி நடிப்பதும் கடினம். திருச்சியிலிருந்து சென்னை 330 கிலோமீட்டர். மாதம் எட்டு நாள் ஷூட்டிங் என்றால் போக வர நாட்களையும் சேர்த்து 75 சதவீத வருகைப் பதிவு தங்காது.

மிச்சமிருக்கும் கல்லூரிக் காலம் வீண் போகாது. தினமும் 20 நிமிடம் செய்தித்தாளையோ சிறுகதையையோ சத்தமாக வாசிக்கட்டும், ல, ள, ழ குழறாமல். பிறகு நீங்கள் பின்னால் நின்று, அவள் பார்த்திராத வசனத்தை வரிவரியாகச் சொல்லுங்கள். அவள் சுவரில் ஒரு புள்ளியிலிருந்து கண்ணை எடுக்காமல், உணர்ச்சியோடு திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் பிராம்ப்டிங் பயம் போய்விடும். திருச்சி வானொலி நிலையம் 1939-லிருந்து இயங்குகிறது. நாடகக் குரல் தேர்வு எப்போது என்று அங்கே விசாரிக்கலாம். குரல் தேறினால் டப்பிங் பக்கமும் ஒரு வழி திறக்கும்.

ஆடிஷனுக்கு ரீல்ஸ் போதாது. ஃபில்டரும் பாட்டும் இல்லாத வீடியோவைத்தான் கேட்பார்கள். வெறும் சுவர், முகத்துக்கு நேரே ஜன்னல் வெளிச்சம், ஃபேன் நிறுத்தம், கண் மட்டத்தில் படுக்கைவாக்கில் போன். பெயர், வயது, உயரம், ஊர், தெரிந்த மொழிகள் என்று முதல் 15 விநாடி. இடப்பக்கம், வலப்பக்கம் திரும்பிக் காட்டுவது 5 விநாடி. பிறகு ஒரு நிமிடத்துக்கு மிகாமல் ஒரே ஒரு காட்சி. அழுகைக் காட்சியையே எல்லோரும் அனுப்புகிறார்கள். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசும் காட்சி பார்ப்பவருக்கு அதிகம் சொல்லும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். மேக்கப் இல்லாத மூன்று படங்கள் போதும்: முகம், இடுப்பு வரை, முழு உருவம். விலையுயர்ந்த போர்ட்ஃபோலியோ இப்போதைக்குத் தேவையில்லை.

ஒப்பந்தம் வரும் நாளில் நகலை வீட்டுக்கு எடுத்து வந்து படியுங்கள். மாதக் குறைந்தபட்ச நாட்கள், பணம் தரும் கெடு, உடைச் செலவு யாருடையது, வேறு சேனலிலோ விளம்பரத்திலோ நடிக்கத் தடையா, தடை என்றால் எத்தனை மாதம், இரவு பேக்-அப் ஆனால் வண்டி உண்டா என்று பாருங்கள். நாட்களுக்கு உத்தரவாதம் தராமல் வேறு எங்கும் நடிக்கக் கூடாது என்று எழுதியிருந்தால் அதுதான் மோசமான ஷரத்து. வெற்றுத்தாளில் கையெழுத்து கூடவே கூடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களுக்கான உள்ளகக் குழு இருக்கவேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். யார் அதில் இருக்கிறார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. அதைக் கேட்டதற்கே முகம் சுளிக்கும் இடம் வேண்டாம்.

அவள் அப்பாவிடம் பேசும்போது தடை என்ற சொல்லை விட்டுவிட்டுக் கெடுவைப் பற்றிப் பேசுங்கள். பட்டம் முடிந்த பின் இரண்டு ஆண்டு, அதற்கு வீட்டிலிருந்து இவ்வளவு தொகை என்று மூவரும் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். அளவுகோல் புகழோ ஃபாலோயர்களோ வேண்டாம், சம்பளம் வந்த நாட்களை எண்ணுங்கள். அந்தக் கெடுவின் இரண்டாம் ஆண்டில் கடைசி ஆறு மாதத்தில் மாதம் எட்டு, பத்து நாள் வேலை வருகிறதென்றால் தொடரட்டும். அதற்குக் கீழே நின்றால் டப்பிங், தொகுப்பாளர் வேலை, உதவி இயக்கம், தயாரிப்புக் கணக்கு என்று பக்கத்து அறைகளில் ஒன்றுக்கு மாறலாம். தயாரிப்பு அலுவலகங்களில் கணக்கு தெரிந்தவர்களுக்கு எப்போதும் வேலை இருக்கிறது.