பாதியில் நிற்கும் கூரை: மோட்டாரைக் கழற்றும் முன்

கேம்பர்வேனில் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வேன்) மோட்டாரால் ஏறும் கூரை பாதி ஏறியதும் நின்றுவிடுகிறது, சுவிட்சை அழுத்தினால் ரிலேவில் (மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மின் சுவிட்ச்) டிக் சத்தம் மட்டும் வருகிறது என்கிறீர்கள். சரி, மோட்டாரை இப்போதே கழற்றாதீர்கள். வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை மோட்டார் முனைகளிலேயே வைத்து, இன்னொருவர் சுவிட்சை அழுத்தும்போது அளந்து பாருங்கள், ஏனென்றால் சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும் பேட்டரிகூட மோட்டாரின் லோடு வந்ததும் சரிந்துவிடலாம். பேட்டரியில் 12 நிற்கிறது, மோட்டாரில் மட்டும் குறைகிறது என்றால் துருப்பிடித்த எர்த் இணைப்பு (வண்டியின் உலோக உடலோடு சேரும் வயர்), ரிலே முனைகள், வயரிங், இதில் ஏதோ ஒன்றுதான். என் சந்தேகம் முதலில் எர்த் மேல். முழு வோல்டேஜ் வந்தும் சுற்றவில்லையா? அப்போது மோட்டார், இல்லையேல் கூரை எங்கேயோ சிக்குகிறது. அப்புறம், ஃபியூஸ் போனால் பெரியதாக மாற்றிப் போடாதீர்கள், வயர் எரியும். சோதிக்கும்போது கூரைக்குக் கட்டை முட்டுக் கொடுங்கள், இடுக்கில் கைவிடவே வேண்டாம்.